ரோசி சாகும்வரை போட்ட வேடம்

பி.கே.ரோசியை மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி என்று இன்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று, அவருடைய பிறந்தநாளுக்கு, கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் 'முதல் கதாநாயகி' என்ற பட்டத்தோடு அவர் கதையை முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ரோசி புலையர் சமூகத்துப் பெண். காக்காரிசி நாடகம் ஆடியவர். நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி.டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' ஊமைப்படத்தில் அவருக்குக் கிடைத்தது சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் படம் வெளியானபோது, அதில் நடித்த ரோசியை உள்ளே விடவில்லை. அவர் தலையில் சூடிய பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் திரை மீது கல் விழுந்தது. பிறகு குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பினார்.

இதுவரை பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய வாழ்க்கை. லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார். கேசவ பிள்ளை நாயர். ரோசி மறுபடி நடிக்கவேயில்லை. ஒரே ஒரு படத்தில் நாயர் பெண்ணாக வந்ததற்கு அடித்துத் துரத்திய சமூகம், அதே வேடத்தை 1988இல் அவர் சாகும்வரை வீட்டுக்குள் போட வைத்தது. குடிசை எரிந்ததைவிட இது பெரிய தண்டனை என்பேன்.

நாட்றாம்பாளையத்தில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் காலனிப் பெண்கள் ஒசூர் கம்பெனிகளில் வேலை கிடைத்து அங்கேயே வீடு தேடுகிறார்கள். அட்வான்ஸ், வாடகையெல்லாம் பிறகு. முதலில் "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்பார்கள். நாசூக்கானவர்கள் என்றால், ஊரில் வீடு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

என் சித்தி மகள் வேறொரு சாதியைச் சொல்லித்தான் வீடு பிடித்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் மாட்டுக்கறி வேகவில்லை. அம்பேத்கர் படம் பெட்டிக்குள் துணிக்கு அடியில் இருக்கிறது. சித்தி பார்க்கப் போனால், வீட்டுக்காரம்மாவிடம் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிப்போவாள். "இதுக்கும் சம்பளம் போட்டா நான் சீரியல் நடிகைங்களவிட நல்லா சம்பாதிப்பேண்ணா" என்று ஒருமுறை சிரித்தாள். பொய் சொல்லி வீடு பிடிக்கலாமா என்று அவளிடம் உபதேசம் செய்கிற தோழர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை வீட்டுக்காரர்களிடம் போய்க் கேட்கலாம்.

போன முறை ரோசி பெயரிலான விழாவுக்குப் போகலாம் வா என்று அவளைக் கூப்பிட்டேன்.

"போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடுவாங்களாண்ணா?"

போடுவார்கள் என்றேன். அவள் வரவில்லை.