ஆதகூர்க் கல்லும் கோரவர் கடனும்

தக்கோலப் போரில் இராசாதித்த சோழர் பட்ட செய்தியைத் தாங்கிய ஆதகூர்க் கல், இந்நாள் பெங்களூர் அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது. காணச் செல்வாருட் சிலர், 'நாய்க்கு நட்ட கல். சைவர்க்கு இதனால் ஆவதென்னை?' என நகைத்து மீள்கின்றனர். சாசனத்தை முழுதும் ஓதாதார் கூற்று இது.

சக ஆண்டு 872-ல், அஃதாவது கி. பி. 949-50-ல், பொறிக்கப்பட்டது அக் கன்னடச் சாசனம். மணலேரன் என்னும் வீரன் வேண்டிப் பெற்ற வேட்டைநாய் காளி. அது காட்டுப் பன்றியொடு பொருது, இரண்டும் ஒருங்கே மாண்டன. கல் நட்ட இடம் யாது? ஆதகூர்ச் சல்லேசுவரர் திருமுன்பு! நிலமும் விடப்பட்டது. அக்கல்லைப் பூசியாது உண்ணுங் கோரவர் அந்நாய் செய்த பாவத்தை எய்துவர் என்பது ஆணை. கோரவராவார் சிவனடியாரே. தம்மை நாயெனத் தாழ்த்திப் பாடிய மணிவாசகப் பெருமானை ஓதுவார்க்கு இதில் நகைக்க யாதுளது?

'சோழனை வென்றார் நட்ட கல்லைத் தமிழர் போற்றுவதோ?' என்பாரும் உளர். தக்கோலமே சம்பந்தப் பிள்ளையார் பாடிய திருவூறல். அங்கும் ஆதகூரினும் எழுந்தருளிய பெருமான் இருவரோ?

மழை வெயிலினின்று கல்லைக் காத்தது நன்றே. ஆயினும் கல் காக்கப்பட்டது, கடன் கைவிடப்பட்டது. படிக்கல்லொன்று ஆதகூரிற் சிவபெருமான் திருமுன் நிற்றல் வேண்டும். பூசித்த பின்னரே அங்குள்ள அருச்சகர் உண்ணல் வேண்டும்.