படபடப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

'இப்போதான் படபடப்பே இல்லையே, மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?' இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த மாத்திரை உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால், பதிலும் புரிந்துவிடும்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறிய திசு, நாம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின் தூண்டலை அனுப்புகிறது. இதயத் தசை செல்களின் சுவரில் நுண்ணிய கதவுகள் உண்டு. சோடியம் உள்ளே பாய்ந்தால் செல் தூண்டப்படும். கால்சியம் நுழைந்தால் தசை சுருங்கும். பொட்டாசியம் வெளியேறினால் செல் ஓய்வுக்குத் திரும்பும். இந்த ஒழுங்கு குலைந்தால் துடிப்பு தாறுமாறாகும்.

மருந்துகள் இந்தக் கதவுகளில்தான் வேலை செய்கின்றன. ஃப்ளெக்கனைடு சோடியத்தைத் தடுத்து, மின்சாரம் பரவும் வேகத்தைக் குறைக்கிறது. சோட்டலால், அமியோடரோன் ஆகியவை பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் அடுத்த தூண்டலை ஏற்க செல்லுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

ஆனால், துடிப்பைச் சீராக்கும் மருந்தே சிலருக்கு அதைக் கெடுக்கவும் கூடும். மாரடைப்பிலிருந்து மீண்டு, இடையிடையே கூடுதல் துடிப்பு இருந்தவர்களுக்கு ஃப்ளெக்கனைடு, என்கனைடு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது 'காஸ்ட்' என்ற ஆய்வு. கூடுதல் துடிப்பு அடங்கியது. ஆனால் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்தான். 1989-ல் அந்த மருந்துகளை ஆய்விலிருந்து நிறுத்தினார்கள். இசிஜி சீராவது வேறு, உயிர் பிழைப்பது வேறு என்று மருத்துவ உலகம் புரிந்துகொண்டது.

எனவே இந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இவற்றோடு சேர்ந்தால் ஆபத்து. எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு அதிகமானால் உடலில் பொட்டாசியம் குறையும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அமியோடரோனில் அயோடின் அதிகம் என்பதால், தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கல்லீரல் பரிசோதனையும் அவசியம். விடாத வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், நுரையீரலைப் பார்க்க வேண்டும்.

திடீர் மயக்கம் வந்தால் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.