கேட்காத கைதட்டல்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்வழி நான் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு மாலை, அங்குள்ள சிறு நகரத் திரையரங்கு ஒன்றில் 'ஸ்வான் லேக்' பாலே நடனத்தைப் பார்த்தேன். நடனமணிகள் ஆடியதோ லண்டன் ராயல் ஓப்பரா ஹவுஸ் மேடையில். அவர்கள் ஆடிய அதே நொடியில் எங்கள் திரையில் அது ஒளிபரப்பானது.

முதல் இடைவேளையில் என் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. அவர் வெட்கத்துடன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். லண்டனில் ஆடுபவருக்கு நம் கைதட்டல் கேட்கவா போகிறது? அப்படியானால் இதனை 'நேரடி' என்று சொல்வது சரிதானா? இக்கேள்வி என்னை விடவில்லை.

மறுப்போரின் வாதத்தில் நியாயம் உண்டு. மேடையின் முன் அமர்ந்தால் எங்கே பார்ப்பது என்பதை நம் கண் முடிவு செய்யும். திரையில் அதை ஒளிப்பதிவுக் கருவி முடிவு செய்கிறது. 1895இல் இவானோவ் அமைத்த குட்டி அன்னங்களின் நடனத்தில் நால்வர் கைகோத்து ஆடுவர். கால்களும் தலைகளும் ஒருசேர அசைவதுதான் அதன் அழகு. கருவி கால்களை மட்டும் காட்டினால் தலைகள் மறைகின்றன. முகத்தைக் காட்டினால் பின்னால் அணிவகுத்து நிற்கும் அன்னங்கள் மறைகின்றன. பாலே, தூரத்து மாடத்திலிருந்தும் பார்ப்பதற்காக வளர்ந்த கலை. அதற்குத் தூரமும் தேவை.

ஆனால், அந்த மாடத்தில் இடம் எத்தனை பேருக்கு? ராயல் ஓப்பரா ஹவுஸில் ஏறத்தாழ 2,250 இருக்கைகளே உள்ளன. இளவயதில் ஒரே ஒருமுறை அங்குச் சென்றதாக அம்மூதாட்டி சொன்னார். உச்சி மாடத்திலிருந்து ஆடுபவரின் முகமே தெரியவில்லையாம். இப்போது இரயில் கட்டணமும் முழங்கால் வலியும் அவரை விடுவதில்லை. ஒடெட்டின் கண்களில் தெரிந்த அச்சத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டாராம். பரதத்தில் அபிநயத்தை அருகிலிருந்து சுவைத்துப் பழகிய எனக்கு அவர் மகிழ்ச்சி நன்கு புரிந்தது.

மூன்றாம் அங்கத்தில் ஒடீல், ஒற்றைக் காலில் 32 முறை தொடர்ந்து சுழலும் இடம் வந்தது. அரங்கமே மூச்சடக்கியது. அவர் தடுமாறக்கூடும். தடுமாறினால் அதை வெட்டி எடுக்க யாராலும் முடியாது. அந்த நொடி அவருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். 'நேரடி' என்ற சொல்லின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எனவேதான் அச்சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டக்கூடாது என்கிறேன். லண்டனில் இரவு ஏழேகால் மணிக்குத் திரை விலகினால், கோடையிலும் நமக்குப் பின்னிரவு இரண்டேகால். இங்கு மாலையில் அதைத் திரையிட்டால் அது பதிவே. பதிவைப் பதிவென்றே சொல்லி விற்கட்டும். அதிலும் கற்க நிறைய உண்டு. கருவியைப் பிடிப்பவர்களும் கூட்டு நடனம் வரும்போது சற்று விலகி நின்று முழு மேடையையும் காட்டட்டும்.

இவ்வொளிபரப்பு நிலையானது என்று நம்பிவிடவும் முடியாது. மாஸ்கோவின் போல்ஷோய் பாலே பல ஆண்டுகள் இவ்வாறே உலகத் திரையரங்குகளுக்கு வந்தது. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது போர் தொடுத்ததும் அது நின்றுபோனது. திரையை மட்டுமே நம்பியிருந்த இரசிகர்கள் ஒரே நாளில் அதனை இழந்தனர். திரை, அரங்கிற்குச் செல்லும் வழியாக இருக்கலாம், அரங்காகிவிட முடியாது. திரையில் கண்டு மயங்கிய நாம், நம் ஊர் மேடையில் ஆடுபவர்களையும் நேரில் சென்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு நம் கைதட்டல் கேட்கும்.

இறுதியில் திரை விழுந்தபோது அம்மூதாட்டி மீண்டும் கைதட்டினார். இம்முறை முன்வரிசையில் இருவரும் சேர்ந்துகொண்டனர். பிறகு நானும் தட்டினேன். லண்டனுக்குக் கேட்டிருக்காது. பக்கத்து இருக்கைக்குக் கேட்டது.