நைஸ் என்னும் ஒரு சொல்

அண்மையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், தான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தித் தருமாறு நம்மிடம் கொணர்ந்தான். சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்த தன் பாட்டியைப் பற்றியது அது. பாட்டி 'நைஸ்', அவர் சமையல் 'நைஸ்', அவர் சொன்ன கதைகளும் 'நைஸ்'. பத்து வரிகளில் ஏழு முறை அச்சொல் வந்திருந்தது. இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆயினும் பாட்டியை அங்கே காணோம்.

இப்பெயரடையின் வரலாறு வியப்புக்குரியது. 'அறியாத' எனப் பொருள்படும் 'நேஷியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். ஏறத்தாழ 1300-இல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் புகுந்தபோது இதற்கு 'மூடத்தனமான' என்பதே பொருள். நாளடைவில் நுணுக்கத்தையும் துல்லியத்தையும் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்னும் இன்றைய பொருள் பரவிற்று. 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலிலேயே, இச்சொல்லை எளிதாகக் கையாளும் இளம்பெண்ணைக் கதைத்தலைவன் கேலி செய்கிறான்.

இடத்துக்கேற்ப இச்சொல் நிறம் மாறும். 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நுண்ணிய வேறுபாடு. 'நைஸ் அண்ட் வார்ம்' என்றால் இதமான வெதுவெதுப்பு. 'எ நைஸ் மெஸ்' என்பதோ, 'நன்றாயிருக்கிறது உன் நியாயம்' என நாம் இடித்துரைப்பதை ஒத்தது. நம் இல்லங்களிலும் மாவை நைசாக அரைக்கிறோம். வேலை வந்தால் நைசாக நழுவுகிறோம்!

விருந்தளித்தவரிடம் 'நைஸ்' என்பது நல்ல பண்பாடே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாம் நேசித்த ஒருவரைப் பற்றிக் கூற அது போதுமா?

"பாட்டி உனக்கு என்ன செய்வார்?" என்று மாணவனை வினவினோம். சற்றுத் தயங்கியபின் சொன்னான்: "மழை வந்தால் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும், சாமி. ஒரே குடைதான். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டே வரும்."

"அதையே எழுது" என்றோம். எழுதினான். ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியங்கள். 'நைஸ்' ஒன்றுகூட இல்லை. எழுதி முடித்ததும் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளை தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, 'நைஸ்' என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடாதீர்கள். அப்படத்தில் நீங்கள் கண்ட ஒன்றையேனும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.