தூளியோரப் பாட்டு

இந்த முறை தாலாட்டுப் பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பழையவற்றில் என் முதல் ஓட்டு 'மங்கையர் திலகம்' (1955) படத்தில் ஆர். பாலசரஸ்வதி தேவி பாடிய பாட்டுக்குத்தான். இசை எஸ். தட்சிணாமூர்த்தி. குரலா அது! வெண்ணெயில் விரல் வைத்தாற்போல. 'பாசமலர்' (1961) தாலாட்டைச் சொல்லவே வேண்டாம். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடி, அதைக் கேட்டு மூக்கைச் சிந்தாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் அதைக் கேட்டால் குழந்தை தூங்கும், அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும்!

எனக்கு என்னவோ 'சித்தி' (1966) பாட்டுதான் நெஞ்சில் நிற்கிறது. கண்ணதாசன் எழுத்து, எம்.எஸ். விஸ்வநாதன் இசை, சுசீலாவின் குரல். பெண்ணே, இப்போதே தூங்கிக்கொள், பெரியவளானால் உனக்குத் தூக்கம் ஏது என்கிற கருத்து. சின்ன வயதில் கேட்டபோது ராகம் மட்டும்தான் காதில் விழுந்தது. கைக்குழந்தையோடு ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்தபோதுதான், "அடடா, இதைத்தானே அன்றைக்கே சொன்னார்!" என்று புரிந்தது. ஓர் ஆண் பிள்ளை இதை எப்படி எழுதினாரோ, இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

புதுப் பாட்டுகளுக்கு வருவோம். ஒன்று கவனித்தீர்களா? சினிமாவில் தாலாட்டு மெல்ல மெல்ல அப்பா கைக்குப் போய்விட்டது. 'தங்கமீன்கள்' (2013) படத்தில் நா. முத்துக்குமார் எழுதித் தேசிய விருது வாங்கிய பாட்டு, அப்பாவும் மகளும் பற்றியது. ஸ்ரீராம் பார்த்தசாரதி அலட்டிக்கொள்ளாமல் பாடியிருப்பார். 'விஸ்வாசம்' (2019) படத்தில் தாமரை எழுத, சித் ஸ்ரீராம் பாடியதும் மகளுக்காக உருகும் அப்பாவின் பாட்டுதான். இமானுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம் அது. ரொம்ப நல்லது. திரையில் பாடுகிற அப்பாக்கள் வீட்டிலும் தூளிக் கயிற்றைப் பிடித்தால் நாம் வேண்டாம் என்றா சொல்லப் போகிறோம்?

அம்மா பாடுவதாக அண்மைக் காலத்தில் மனதைத் தொட்டது, பம்பாய் ஜெயஸ்ரீ 'லைஃப் ஆஃப் பை' (2012) ஆங்கிலப் படத்துக்கு எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு. 2013-ல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. குரலை அமுக்கும் இரைச்சல் அதில் கிடையாது. தாலாட்டுக்கு அதுதானே அழகு?

இனிமேல்தான் என் குறை. இப்போது முக்கால்வாசி வீடுகளில் தூளிக்குள்ளேயே கைபேசியை வைத்துப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் அலறிக்கொண்டே இருக்கும். அதை மீறிக் கேட்க வேண்டுமென்று சத்தத்தை இன்னும் கூட்டுவது! பிஞ்சுக் காதின் துவாரம் சின்னது. கீச்சென்ற ஒலி நமக்குக் கேட்பதைவிட அதற்குப் பலமாகவே விழும். குழந்தை தூங்குகிற இடத்தில் 50 டெசிபலுக்குள் இருப்பது நல்லது. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். பாட்டு வேண்டுமானால் பெட்டியை அறையின் அடுத்த மூலையில் வைத்துத் தணிவாகப் போடுங்கள். தூங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

அதைவிட, பாட்டைக் கற்றுக்கொண்டு நீங்களே பாடுங்கள். "எனக்குச் சாரீரமே இல்லையே" என்கிறீர்களா? 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களுக்குச் சூப்பும் ரப்பரைக் கொடுத்துப் பார்த்தார்கள். சூப்புகிற விதத்தைப் பொறுத்து அம்மாவின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும். குழந்தைகள் அம்மாவின் குரல் வரும்படியாகவே சூப்பினவாம்! வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் அல்லவா? உங்கள் குழந்தைக்கு நீங்கள்தான் சுசீலா.

பாடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, பேத்திக்குத் தானே கட்டிப் பாடுவார். தாய்மாமன் சீரோடு அன்றைக்குக் கூடையில் இருந்த வஞ்சிரமும் சங்கராவும்கூட அதில் வந்துவிடும்! ஒரு நாள் என்னிடம், "நான் எதிர்ல நின்னு பாடினா சிரிக்குதும்மா. பின்னால நின்னு பாடினா திரும்பவே மாட்டேங்குது" என்றார். குழந்தைக்கு அப்போது ஏழு மாசம். வீட்டில், "எங்க மாமனாரே நாலு வயசுலதான் பேசினாராம், விடுங்க" என்று சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி விடவில்லை. சோதித்துப் பார்த்தால் இரண்டு காதிலும் கேள்வித்திறன் மிகக் குறைவு. இப்போது காதில் கருவி மாட்டி, பயிற்சிக்கு நடையாய் நடக்கிறார்கள். கைபேசியே பாடியிருந்தால் இது யார் கண்ணில் பட்டிருக்கும்?

ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே இந்தக் குறை இருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் சோதனை, சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் நிச்சயப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது, இதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தாண்டிவிட்டதே என்று உட்கார்ந்துவிட வேண்டாம், உடனே போங்கள். காது வழியாகத்தான் பேச்சு வரவேண்டும். நாள் தள்ளத் தள்ளப் பேச்சும் தள்ளிப்போகும். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்காக 2005-ல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நிறுவனம் எங்கள் முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. காது, பேச்சுக்கான பிரிவும் அங்கு உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். காக்ளியர் கருவி பொருத்த வேண்டி வந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அதற்கு வழி இருக்கிறது.

பச்சைக் குழந்தைக்குச் செய்யும் முதல் சோதனையில் ஊசியும் கிடையாது, வலியும் கிடையாது. காதில் சின்ன முனை ஒன்றை வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தால்தான் வேலை சுலபம். ஆகவே கிளம்பும் முன் வயிறார பால் கொடுத்து, போகிற வழியில் ஆட்டோவிலேயே மடியில் போட்டு, 'மங்கையர் திலகம்' பாட்டையோ உங்களுக்குத் தெரிந்த வேறொன்றையோ மெதுவாகப் பாடித் தூங்க வைத்துக் கூட்டிப் போங்கள்.