பூக்கும் முன் பிடுங்குவோம்

நல்ல மழை ஒன்று பெய்து இரண்டு வாரம் ஆனால் போதும், திருத்தணியின் காலி மனைகளில் கேரட் இலை போன்ற ஒரு செடி தரையோடு படிந்து விரிகிறது. மாதம் ஒன்றிரண்டுக்குள் இடுப்புயரம் வளர்ந்து, கிளை கிளையாகப் பிரிந்து, பொடிப் பொடியாய் வெள்ளைப் பூக்கள் பூத்துவிடுகிறது. பார்த்தீனியம்தான் அது. எல்லைக்கு அப்பால் தெலுங்கு உழவர்கள் இதை 'வய்யாரி பாமா' என்கிறார்கள். பெயர்தான் வேறு, படும் பாடு இரு பக்கமும் ஒன்றே.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இச்செடி, 1950களின் நடுவில் புனேயில் கவனத்துக்கு வந்தது. இறக்குமதித் தானியத்தோடு வந்து பரவியிருக்கும் என்பது பரவலான கருத்து. ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கக்கூடியது. காற்று, மழைநீர், வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேறு, கட்டுமான வேலைக்கு வரும் மணல் என எதன் மூலமும் விதை பயணப்படும். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் நம்முடையது. ஆடிக் கிருத்திகைக்கு வெளியூர் வண்டிகள் குவியும் ஊரும்கூட. ஒரு வீட்டார் மட்டும் தம் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பக்கத்து மனையில் பூத்தால் அடுத்த மழைக்கு இங்கே முளைக்கும்.

இதன் மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் தூண்டும். செடி மீண்டும் மீண்டும் மேலே படுவதால் கை, கழுத்து, முகத்தில் அரிப்பும் தடிப்பும் வந்து, ஆண்டுக்கணக்கில் ஆறாமல் அவதிப்படுவோர் உண்டு. மாடு தின்றால் பாலில் கசப்பேறும். இப்படிப்பட்ட செடியைத் தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் பிடுங்குவதை நாம் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறோம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் எவரையும், கூலிக்கு அழைத்துவரும் ஆளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்த வேலைக்கு இறக்கக் கூடாது.

அடையாளம் தெரியாமல் கைவைத்தால் நல்ல செடிகள் போய்விடும். கரிசலாங்கண்ணிக்கும் வெள்ளைப் பூதான். ஆனால் அதன் இலை பிளவுபடாமல் நீண்டிருக்கும். பார்த்தீனியத்தின் இலையோ ஆழமாகக் கிழிந்து பிரிந்திருக்கும். தண்டில் நெடுக வரிகளும் மென்மயிரும் தெரியும். தெருவில் மூலிகை அறிந்த பெரியவர் இருந்தால், முதல் நாள் அவரை உடன் அழைத்துக்கொள்வது நல்லது.

யார் செய்வது என்பதில்தான் ஊர் தடுக்கி நிற்கிறது. மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார். தனியார் இடத்துக்குள் நுழைய நகராட்சி தயங்குகிறது. தெருவாசிகள் அடுத்தவர் நிலத்தில் கைவைக்க அஞ்சுகிறார்கள். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே வேலையை மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். தெருவாசிகள் எந்த மனையில் செடி இருக்கிறது என்று பட்டியல் தரட்டும். உரிமையாளர் ஒரு தொலைபேசி அழைப்பில் அனுமதியும் கூலியும் தரட்டும். நகராட்சி கையுறை கொடுத்து, பிடுங்கியதை அள்ளிச் செல்லட்டும். வண்டி நிறுத்துமிடங்களையும் மலைப்பாதை ஓரங்களையும் கோயில் நிர்வாகம் பார்த்துக்கொள்ளட்டும். நிலத்தை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பது இங்கே புதிய எண்ணமும் அல்ல. பயிருக்குக் கேடான பூச்சி, நோய், களைகளைக் கட்டுப்படுத்தச் சென்னை மாகாணம் 1919ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. அரசு அறிவிக்கும் பகுதிகளில் தடுப்பு வேலையை நிலத்தை அனுபவிப்பவரே செய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

வேலை கடினமானதல்ல, ஆனால் காலம் தவறக் கூடாது. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன், வேரோடு பிடுங்க வேண்டும். வேரை விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். பூக்காத செடியை மட்கு உரமாக்கலாம். பூத்துவிட்டதை அசைக்காமல் சாக்கில் கட்டி ஆழக் குழியில் புதைக்க வேண்டும். தெருவோரம் போட்டுக் கொளுத்துவது வேண்டாம். மதில் ஓரம், நடைபாதை இடுக்கு போன்ற, பயிர் வைக்காத இடங்களில் லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிப்பதும் பலன் தரும். தோட்ட மண்ணில் உப்பைக் கொட்டிவிடாதீர்கள். காலியான இடத்தில் ஆவாரையோ துலுக்கச் சாமந்தியோ அடர்த்தியாக வளர விட்டால் பார்த்தீனியத்துக்கு இடம் குறையும். இதைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அது இலைகளை மொட்டையடிக்கிறது, ஆனாலும் நம் வேலையை முழுதாகச் செய்துவிடாது. மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடிருக்கும் என்பதால் ஒருநாள் முகாமும் புகைப்படமும் போதாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதே தெருவை மீண்டும் சுற்றிவர வேண்டும்.

நாடெங்கும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆடிக் கிருத்திகையை ஒட்டிய காலம் அது. காவடி எடுத்து வெறுங்காலோடு வரும் பக்தர்கள் இந்தச் செடிக்குள் கால் வைக்காதபடி, திருவிழாவுக்கு முந்தைய மழையிலேயே தெருத்தெருவாகத் தொடங்குவோம். திருத்தணியில் மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் இந்த வாரமே பக்கத்து வீட்டாரை அழைத்து, மனையில் என்ன முளைத்திருக்கிறது என்று கேளுங்கள்.