தப்புக் கணக்கு போட்ட சிப்

கம்ப்யூட்டர் தப்புக் கணக்கு போடுமா? போட்டது!

1994-ம் ஆண்டு அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி அதைக் கண்டுபிடித்தார். இன்டெல் கம்பெனியின் பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளில் பிசகியது. வகுப்பதற்காக அதற்குள் ஒரு வாய்ப்பாடு உண்டு. 1066 இடங்களில் எண் இருக்கவேண்டும். 5 இடங்கள் விடுபட்டுவிட்டன. நஷ்டம் 47½ கோடி டாலர்!

சிப் சிலேட்டுப் பலகை அல்ல; செய்தபின் அழித்து எழுத முடியாது. எல்லா எண்களையும் வகுத்துப் பார்க்கவோ ஆயுள் போதாது. ஆகவே, எதை எதைச் சோதிப்பது என்று முன்கூட்டியே திட்டம் எழுதவேண்டும். அதை வேறொருவர் எழுதுவது நல்லது. வரைந்தவரே எழுதினால், அவர் மறந்தது மறந்ததுதான்!

"வாய்ப்பாட்டில் எல்லா இடமும் நிரம்பியிருக்கிறதா?" என்று எழுதிவைத்து, ஒவ்வொன்றாக எண்ணியிருந்தால், அந்த 5 இடங்களும் தொழிற்சாலைக்குப் போகுமுன்பே அகப்பட்டிருக்கும்.